ஆர்டர் இருக்கு, ஓட்டம் இருக்கு, காசு மட்டும் நிக்கல: முதலாளி எதைப் பார்க்கணும்?

நீங்க கேட்டதை ஒருதடவை திருப்பி சொல்லிக்கறேன், ஏன்னா அந்தக் கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. திருப்பூர்ல 50 மெஷின் பனியன் யூனிட், அப்பா நடத்தினது இப்ப உங்க கைக்கு வந்திருக்கு, ஆர்டருக்கு குறைவில்ல, டர்ன்ஓவரும் ஏறியிருக்கு, ஆனா வருஷக்கடைசில கையில ஒண்ணும் நிக்கல. பெரிய கம்பெனி எம்.டி. எல்லாம் ஆப்பரேட்டிங் செலவை எப்படி கண்காணிக்கறாங்க, அதுக்கு என்ன சாஃப்ட்வேர் வாங்கறதுன்னு கேட்டிருக்கீங்க. சாஃப்ட்வேர் கேள்வியை கடைசில பார்த்துக்கலாம். நீங்க நெஜமா கேட்கறது, "காசு எங்க ஒழுகுது, அதை ஒழுகும்போதே எனக்கு யார் சொல்றது?" அப்படிங்கறதுதான். நான் காஸ்ட் அக்கவுண்டன்ட், கோயம்புத்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில், பவுண்டரி, அப்புறம் உங்க ஊர் கார்மெண்ட் யூனிட்னு வருஷக்கணக்கா இதே வேலைதான் பார்க்கறேன், அதை வச்சு சொல்றேன். உங்க கணக்கை நான் பார்க்கல, அதனால உங்க யூனிட்ல ஓட்டை எங்கன்னு இங்கிருந்து சொல்ல முடியாது, எங்கெங்க பார்க்கணும்னு சொல்ல முடியும்.

முதல்ல பெரிய கம்பெனி விஷயம். அங்க நடக்கறதுல மாயம் ஒண்ணும் இல்லீங்க. வருஷ ஆரம்பத்துல பட்ஜெட், ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வளவு ஆகணும்னு ஒரு ஸ்டாண்டர்ட், மாசாமாசம் ஆனதுக்கும் ஆகவேண்டியதுக்கும் உள்ள வித்தியாசம், அந்த வித்தியாசத்துக்கு ஒரு ஆள் எழுந்து பதில் சொல்லணும். எவ்வளவு ரூபாய் வரைக்கும் யார் கையெழுத்து போடலாம்னு எழுதி வச்சிருப்பாங்க, பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) இல்லாம ஒரு பில்லும் பாஸ் ஆகாது. இதுல முக்கியமானது அந்த வித்தியாசத்தை ரெண்டா பிரிக்கறது, விலை ஏறினதால வந்ததா, இல்ல அளவு கூடினதால வந்ததா. நூல் விலை ஏறினதுக்கு கட்டிங் மாஸ்டரை கேள்வி கேட்டு பிரயோஜனம் இல்ல, நூல் கூடுதலா போனதுக்கு மார்க்கெட்டை திட்டியும் பிரயோஜனம் இல்ல. சின்ன யூனிட்ல இந்த ரெண்டும் ஒரே லெட்ஜர்ல கலந்து கிடக்கும், "மெட்டீரியல் இந்த வருஷம் ஜாஸ்தியாயிடுச்சு" அப்படின்னு ஒரே வரியில முடிஞ்சிரும், அதுக்கு மேல யாரும் தோண்ட மாட்டாங்க.

ரூபாயை மாசக்கடைசில பார்க்கறது பந்தி முடிஞ்சப்புறம் சாம்பார்ல உப்பு பார்க்கற மாதிரி. லாப நஷ்டக் கணக்கு வர்றதுக்குள்ள துணி வெட்டியாச்சு, சரக்கு தூத்துக்குடி தாண்டியாச்சு. அதனால நான் எந்த முதலாளிகிட்டயும் சொல்றது, ரூபாய்க்கு முன்னாடி கிலோவையும் நிமிஷத்தையும் பாருங்க, அதை அன்னன்னைக்கு பாருங்க. ஸ்பின்னிங் மில்லுல கூட நல்ல முதலாளி காலையில கேட்கற முதல் கேள்வி நேத்து எவ்வளவு செலவுன்னு இல்ல, ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் கரண்ட் போச்சு, பஞ்சுல எவ்வளவு நூலா வந்துச்சு, எவ்வளவு கழிவா போச்சுன்னுதான் கேட்பாங்க. அளவு கட்டுக்குள்ள இருந்தா ரூபாய் தானா பின்னாடி வரும், விலையில வர்ற ஏத்தம் மட்டும்தான் மிச்சம்.

உங்க தொழிலுக்கே வர்றேன். கணக்கு புரியறதுக்காக ஒரு ஆர்டர் எடுத்துக்கலாம், நம்பர் எல்லாம் உதாரணத்துக்கு, உங்க ரேட்டை போட்டு நீங்களே மாத்திக்கங்க. 10,000 டி-ஷர்ட், பீஸ் 150 ரூபாய், மொத்தம் 15 லட்சம். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியோட கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி, ஒரு பீஸுக்கு 200 கிராம் துணின்னு காஸ்டிங் போட்டிருக்கீங்க, ஆக 2,000 கிலோ. நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணியை அமுக்கி அளவுக்கு கொண்டுவர்றது), ப்ராசஸ் லாஸ் (நடுவுல குறையற எடை) எல்லாம் சேர்த்து கிலோ 400 ரூபாய்னு வச்சா துணி மட்டும் 8 லட்சம். 5 சதவீதம் லாபம்னு நினைச்சிருக்கீங்க, அதாவது 75,000 ரூபாய். இப்ப டையிங், காம்பாக்டிங் முடிஞ்சு வந்த துணி 180க்கு பதிலா 190 ஜிஎஸ்எம் இருக்குன்னு வைங்க. கையில தொட்டா தெரியாது, பையரும் ரிஜெக்ட் பண்ண மாட்டார், துணி கொஞ்சம் திக்கா இருந்தா சந்தோஷம்தான் படுவார். ஆனா அதே பீஸுக்கு இப்ப 211 கிராம் துணி போகுது, மொத்தத்துல 111 கிலோ கூடுதல், 44,000 ரூபாய்க்கு மேல. உங்க லாபத்துல பாதிக்கு மேல காம்பாக்டிங் மெஷின்லயே போயிடுச்சு, ஒரு பைசா யாரும் திருடல, ஒரு பில்லும் தப்பா வரல, லெட்ஜர்ல எல்லாம் சுத்தமா இருக்கும்.

இதைப் பிடிக்க என்ன வேணும்? ஒரு ஜிஎஸ்எம் கட்டரும் ஒரு சின்ன தராசும். கட்டர்ல வெட்டினா 100 சதுர சென்டிமீட்டர் வட்டத்துண்டு வரும், அதோட கிராம் எடையை நூறால பெருக்கினா ஜிஎஸ்எம். உங்க யூனிட்ல இது கண்டிப்பா இருக்கும், கேள்வி என்னன்னா அதை வெட்டி எழுதறது யாரு, ரோல் உள்ள வந்த உடனே எழுதறாங்களா இல்ல பையர் க்யூசி வர்ற அன்னைக்கு மட்டும் எழுதறாங்களா. இன்னொண்ணு ஈரம். காட்டன் துணி காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், சரியா காயாம வர்ற துணியில நீங்க தண்ணிக்கும் சேர்த்து எடை எழுதி வாங்கிக்கறீங்க. டிசில (டெலிவரி சலான்ல) போட்ட எடையை அப்படியே ஏத்துக்கிட்டா ப்ராசஸ் லாஸ் கம்மியா தெரியும், கட்டிங்ல துணி பத்தாம போகும், அப்புறம் அவசரத்துக்கு சின்ன லாட் சாயம் போடணும், அது ஷேடு சேராது. இதுக்கெல்லாம் பழி கடைசில கட்டிங் மாஸ்டர் தலையில விழும்.

அதனால நான் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு துணிக் கணக்கு கேட்பேன், ஒரே பக்கம். நூல் எத்தனை கிலோ போச்சு, கிரே துணி (சாயம் போடாதது) எத்தனை கிலோ வந்துச்சு, சாயம் போட்டு எத்தனை வந்துச்சு, வெட்டினது எத்தனை பீஸ், தைச்சது எத்தனை, ஏத்தினது எத்தனை. ஒவ்வொரு படியிலயும் குறைஞ்சது ஏன்னு ஒரு வரி. ப்ராசஸ் லாஸ் ஷேடுக்கு ஷேடு, துணிக்கு துணி மாறும், அதுக்கு ஒரே நம்பர் சொல்றவங்களை நம்பாதீங்க, ஆனா உங்க டையிங்காரர்கிட்ட ஷேடு வாரியா முன்கூட்டியே பேசி எழுதி வச்சுக்க முடியும், தாண்டினா பில்லுல பிடிப்போம்னு சொல்ல முடியும். 10,000 பீஸ் ஆர்டருக்கு 10,500 வெட்டி 10,000 ஏத்தினா அந்த 500 பீஸ் எங்க? டேமேஜா, செகண்ட்ஸா, இல்ல "எதுக்கும் இருக்கட்டும்"னு வெட்டினதா? கடைசில காதர்பேட்டைக்கு (திருப்பூர்லயே மிச்ச சரக்கு விக்கற சந்தை) லாட்டா போறப்ப அடக்க விலையில எவ்வளவு திரும்பி வருதுன்னு உங்களுக்கே தெரியும். நிறைய யூனிட்ல அந்த காதர்பேட்டை காசு தனி பையில போய்ட்டு, ஆர்டர் கணக்குல வரவே வராது, அப்புறம் எந்த ஆர்டர்ல நஷ்டம்னு தேடினா கிடைக்காது.

துணி அப்படின்னா, அடுத்தது நிமிஷம். 50 மெஷின், ஒரு நாளைக்கு 480 நிமிஷம், 26 நாள், மொத்தம் 6,24,000 நிமிஷம் உங்க கையில இருக்கு. டெய்லர் கூலி, கைமடி (ஹெல்பர்), செக்கிங், அயர்னிங், பேக்கிங், ஸ்டாஃப் சம்பளம், வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து மாசம் 15,60,000 ரூபாய் ஆகுதுன்னு வைங்க, அப்ப ஒரு நிமிஷத்துக்கு 2.50 ரூபாய். ஆனா லைன் நூத்துக்கு நூறு ஓடாதே. 50 சதவீத எஃபிஷியன்சியில ஓடினா உருப்படியான ஒரு நிமிஷம் உங்களுக்கு 5 ரூபாய் அடங்குது, 40 சதவீதத்துல ஓடினா 6.25. ஒரு டி-ஷர்ட்டுக்கு 6 நிமிஷ வேலைன்னா முதல் கணக்குல 30 ரூபாய், ரெண்டாவதுல 37.50. வித்தியாசம் 7.50, பத்தாயிரம் பீஸுக்கு 75,000. மேல பார்த்த ஆர்டரோட மொத்த லாபமும் அதே 75,000 தான். யாருக்கும் சம்பளம் ஏத்தல, வாடகை ஏறல, லைன் மட்டும் கொஞ்சம் தூங்கிருக்கு.

லைன் ஏன் தூங்குதுன்னு போய் நின்னு பாருங்க, டெய்லர் சோம்பேறித்தனம் அதுல கடைசி காரணமாத்தான் இருக்கும். லேபிள் வரல, பிரிண்டிங் போன பாகம் திரும்பல, ஒரு சைஸ் மட்டும் கட்டிங் முடியல, ஸ்டைல் மாத்தி செட் பண்ண அரை நாள், ஓவர்லாக் மெஷின் ஒண்ணு ரிப்பேர், சனிக்கிழமை சம்பளம் கொடுத்தா திங்கக்கிழமை ஆள் வரல. இதுல பெரும்பாலானது பிளானிங்கும் பர்ச்சேஸும் சொதப்பினது, தையல் கூடத்துல இல்ல. இதனாலதான் கூலியைக் குறைச்சு செலவைக் கட்டுப்படுத்தப் பார்க்கற முதலாளிகளைப் பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கும், நிமிஷத்தை நாசம் பண்றது மேல உட்கார்ந்திருக்கறவங்க, பிடித்தம் மட்டும் டெய்லருக்கு. பீஸுக்கு அம்பது காசு குறைச்சா நல்ல கை எல்லாம் பக்கத்து கம்பெனிக்கு போயிடும், திருப்பூர்ல பக்கத்து கம்பெனி எப்பவும் ஆள் தேடிக்கிட்டுதான் இருக்கும், புதுசா வர்ற ஆள் கை பழக மறுபடி எஃபிஷியன்சி இறங்கும்.

இந்த நிமிஷக் கணக்கு இன்னொரு இடத்துலயும் உதவும், ஓவர்ஹெட்டை (வாடகை, ஸ்டாஃப் சம்பளம் மாதிரி பொதுச் செலவை) எப்படி பிரிக்கறதுன்னு. நிறைய பேர் மாசச் செலவை மொத்த பீஸால வகுத்து "பீஸுக்கு 12 ரூபாய் ஓவர்ஹெட்" அப்படின்னு போடறாங்க. 6 நிமிஷ டி-ஷர்ட்டுக்கும் 12, 25 நிமிஷ ஹூடிக்கும் 12. அப்ப ஹூடி லாபமாவும் டி-ஷர்ட் நஷ்டமாவும் தெரியும், நீங்க ஹூடி ஆர்டரா தேடித்தேடி எடுப்பீங்க, டர்ன்ஓவர் ஏறும், காசு நிக்காது. உங்க கதை இதுவாக்கூட இருக்கலாம், போய் பாருங்க. அதே மாதிரிதான் சின்ன ஆர்டர். 500 பீஸுக்கும் சாம்பிள் உண்டு, லேப் டிப் (சாய சாம்பிள்) உண்டு, மெர்ச்சண்டைசர் (பையர்கிட்ட பேசி ஆர்டரைப் பார்த்துக்கறவர்) நூறு மெயில் அடிக்கணும், லைன் செட் பண்ணணும். 1980கள்ல ஹார்வர்டுல ராபர்ட் கப்லானும் ராபின் கூப்பரும் ஆக்டிவிட்டி பேஸ்டு காஸ்டிங்னு பேர் வச்சு சொன்னது சாராம்சத்துல இதுதான், செலவை பீஸ் மேல தூவாம எந்த வேலையால வந்துச்சோ அதுமேல ஏத்து. முழுசா அந்த முறையை உங்க அளவுக்கு கொண்டுவரணும்னா கணக்கெழுதவே ஆள் போடணும், வேண்டாம், ஓவர்ஹெட்டை நிமிஷ வாரியா பிரிச்சு, ஸ்டைல் ஒண்ணுக்கு இவ்வளவுன்னு ஒரு நிலையான தொகையும் சேர்த்தாலே முக்கால்வாசி உண்மை வெளிய வந்துரும்.

கரண்ட் பத்தி சுருக்கமா. 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்கு அப்புறம் மாசாமாசம் கட்டற நிலைக்கட்டணமே தொழிற்சாலைக்கு பாரமாயிடுச்சு, மெஷின் ஓடினாலும் ஓடாட்டியும் வாங்கி வச்ச லோடுக்கு கட்டியாகணும், அதனால அப்பா காலத்துல வாங்கின லோடு இன்னைக்கும் வேணுமான்னு பாருங்க. எச்.டி. (உயர் அழுத்த) கனெக்ஷன் உள்ளவங்களுக்கு நீங்க எடுக்கற அதிகபட்ச டிமாண்ட், இல்ல ஒப்பந்த டிமாண்டுல 90 சதவீதம், எது கூடவோ அதுக்கு பில் வரும், பவர் ஃபேக்டர் (எடுக்கற கரண்ட் எவ்வளவு உருப்படியா பயன்படுதுங்கற அளவு) 0.90க்கு கீழ போனா தனியா அபராதம் மாதிரி ஒரு தொகை வரும். பழைய கிளட்ச் மோட்டார் தையல் மெஷின் தைக்காம இருக்கும்போதும் சுத்திக்கிட்டே இருக்கும், சர்வோ மோட்டார் பெடல் மிதிச்சாத்தான் ஓடும், மாத்தினா மிச்சம் பில்லுலயே தெரியும். கம்ப்ரஸர் லைன்ல ஒழுகறதை ஞாயித்துக்கிழமை கூடம் அமைதியா இருக்கும்போது போய் நின்னா காதாலயே கேட்கலாம். ஆனா ஒண்ணு, கார்மெண்ட் யூனிட்ல கரண்ட் பெரிய செலவு இல்ல, துணியையும் நிமிஷத்தையும் விட்டுட்டு இதுல முழு கவனம் போடாதீங்க. டீ செலவைக் குறைக்க ஆர்டர் போட்ட முதலாளியை பார்த்திருக்கேன், அதே வாரம் ஒரு சரக்கை லேட்டாயிடுச்சுன்னு ஏர்ல அனுப்பினார்.

அந்த ஏர் ஃபிரைட் தனியா சொல்ல வேண்டிய விஷயம். எஃப்ஓபி ரேட்ல (கப்பல்ல ஏத்தற வரைக்கும் மட்டும் நம்ம செலவு) கப்பல் வாடகை பையரோடது, ஆனா நம்ம பக்கம் லேட்டாச்சுன்னா ஏர்ல அனுப்பற காசு நம்ம தலையில. கப்பலுக்கு ஆகறதுக்கு பல மடங்கு. 2023 கடைசியிலருந்து செங்கடல் பிரச்சனையால கப்பல் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுத்தி போக ஆரம்பிச்சப்புறம் ஐரோப்பாவுக்கு போற நாள் ரெண்டு வாரம் வரைக்கும் கூடிச்சு, பிளான்ல கைக்கு இருந்த இடைவெளி காணாம போச்சு. ஒரு ஏர் ஷிப்மெண்ட் நாலு ஆர்டர் லாபத்தை சாப்பிட்டுரும், ஆனா அக்கவுண்ட்ஸ்ல அது "ஃபிரைட்" அப்படிங்கற லெட்ஜர்ல போய் உட்காரும், எந்த ஆர்டர், யார் லேட் பண்ணினதுன்னு இருக்காது. அதை அந்த ஆர்டர் மேல எழுதுங்க, காரணத்தோட எழுதுங்க.

இதுவரைக்கும் சொன்னது யாரைக் கேட்டாலும் பெருசா மாறாது. உங்க கையில இல்லாத செலவு பத்தி சொல்றதுலயும் சந்தேகம் இல்ல: 2022 மே மாசம் நூல் விலை ஒரே அடியா கிலோவுக்கு 40 ரூபாய் ஏறினப்போ திருப்பூரே ரெண்டு நாள் கதவை சாத்தி போராட்டம் பண்ணிச்சு, அதை எந்த கன்ட்ரோல் சிஸ்டமும் தடுத்திருக்காது. சாயப்பட்டறைகளை 2011ல ஐகோர்ட் மூடச் சொன்னதும், அப்புறம் ஒரு சொட்டு தண்ணி வெளிய விடக்கூடாதுங்கறது கறாராகி டையிங் ரேட் ஏறினதும் அப்படித்தான், நொய்யல் ஆத்துக்கு நாம பண்ணினதுக்கு அது நியாயம்தான்னு நான் நினைக்கறேன், அது வேற கதை. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா வரியை 50 சதவீதமா ஏத்தினதும் இதே கணக்குதான். இந்த மாதிரி செலவுக்கு தலைமையில இருக்கறவங்க பண்றது ரெண்டே விஷயம், ரேட் சொல்லும்போதே இது எத்தனை நாளைக்கு செல்லும்னு எழுதறது, ஆர்டர் உறுதியான அன்னைக்கே நூலை புக் பண்றது. நூல் இறங்கும்னு காத்திருக்கறது காஸ்ட் கன்ட்ரோல் கிடையாது, சூதாட்டம்.

இனி சொல்றதுல ஆளாளுக்கு கருத்து மாறும், என் கருத்தை என் கருத்தா எடுத்துக்கங்க. லைன் காலியா கிடக்குதுன்னு குறைஞ்ச ரேட்டுக்கு ஆர்டர் எடுக்கலாமா? புத்தகக் கணக்குப்படி, துணி, கூலி மாதிரி அந்த ஆர்டருக்குன்னே ஆகற செலவு போக ஒரு ரூபாய் மிஞ்சினாலும் அது வாடகைக்கு உதவும், எடுக்கலாம். கணக்கு தப்பில்ல. நடைமுறையில என்ன ஆகுதுன்னா, அந்த பையர் அடுத்த சீசனும் அதே ரேட் கேட்பார், மெர்ச்சண்டைசருக்கும் அந்த ரேட் பழகிடும், ஒரு வருஷத்துல லைன் பூரா அந்த மாதிரி ஆர்டரா நிறைஞ்சு நல்ல ஆர்டருக்கு இடம் இருக்காது. டர்ன்ஓவர் ஏறி காசு நிக்காத யூனிட்ல நான் பாதிக்குப் பாதி பார்த்தது இதைத்தான். அப்ப அது செலவுப் பிரச்சனையே இல்ல, ரேட் பிரச்சனை. என் யோசனை, இந்த மாதிரி ஆர்டரை முதலாளி கையெழுத்து இல்லாம எடுக்கக்கூடாது, வருஷத்துல இத்தனைக்கு மேல இல்லன்னு ஒரு கோடு போட்டுருங்க. பீஸ் ரேட்டா ஷிஃப்ட் சம்பளமாங்கற சண்டையிலயும் நான் ஒரு பக்கமா பேச மாட்டேன், பீஸ் ரேட்ல வேகம் வரும் ஆல்டரேஷன் (பிரிச்சு மறுபடி தைக்கறது) கூடும், ஷிஃப்ட்ல உல்டா, உங்க பையர் தரத்துல எவ்வளவு கறார்ங்கறதைப் பொறுத்தது.

பெரிய கம்பெனிங்க செலவைக் குறைக்கற ஸ்டைலை அப்படியே எடுக்கறதுலயும் எனக்கு தயக்கம் உண்டு. ஸீரோ பேஸ்டு பட்ஜெட்னு ஒண்ணு, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்ல பீட்டர் பைர் கொண்டுவந்து 1970ல எழுதினது, போன வருஷம் ஆச்சுங்கறதுக்காக இந்த வருஷம் தரமாட்டேன், ஒவ்வொரு ரூபாய்க்கும் பூஜ்யத்திலருந்து காரணம் சொல்லுன்னு கேட்கறது. நல்ல கேள்விதான். ஆனா 3ஜி கேப்பிட்டல்ங்கற முதலீட்டு கம்பெனி அதை க்ராஃப்ட் ஹைன்ஸ்ங்கற உணவுப்பொருள் கம்பெனில ரொம்ப கறாரா போட்டாங்க, 2015ல க்ராஃப்ட், ஹைன்ஸ் ரெண்டும் சேர்ந்தப்புறம் செலவு நல்லா இறங்கிச்சு, எல்லாரும் பாராட்டினாங்க, 2019 பிப்ரவரில 15.4 பில்லியன் டாலர் மதிப்பை எழுதித் தள்ளினாங்க, ஷேர் ஒரே நாள்ல கால்வாசிக்கு மேல விழுந்துச்சு. செலவுக் குறைப்பு மட்டும்தான் காரணமான்னு விவாதம் இருக்கு, ஜனங்க சாப்பிடற பழக்கமும் மாறிச்சு, ஆனா பிராண்டுக்கு போட வேண்டிய காசையும் சேர்த்து வெட்டிட்டாங்கங்கறது பலரோட கணிப்பு. இன்னொரு பக்கம் இண்டிகோ. 2006ல பறக்க ஆரம்பிச்சதுலருந்து 2017ல ஏடிஆர்ங்கற சின்ன விமானம் சேர்க்கற வரைக்கும் ஏர்பஸ் ஏ320 குடும்ப விமானம் மட்டும்தான். ஒரே மாதிரி விமானம்னா பைலட் ட்ரெயினிங், ஸ்பேர், மெக்கானிக் எல்லாம் ஒண்ணே. அங்க செலவை தினம் போய் யாரும் கட்டுப்படுத்தல, விமானம் ஆர்டர் பண்ணின அன்னைக்கே முடிவாயிடுச்சு. உங்களுக்கு இதுல எடுத்துக்க வேண்டியது, எத்தனை விதமான துணி, எத்தனை விதமான ஸ்டைல் எடுக்கறீங்கங்கறதுதான். டி-ஷர்ட், ஹூடி, குழந்தை உடுப்பு, உள்ளாடைன்னு வர்றதெல்லாம் எடுத்தா ஒவ்வொரு மாத்தத்துக்கும் லைன் நிமிஷம் போகும்.

இன்னொரு குழப்பத்தை தெளிவு பண்ணிடறேன். கையில காசு நிக்கலங்கறதும் லாபம் இல்லைங்கறதும் ஒண்ணு இல்ல. பையர் 90 நாள் கழிச்சு தர்றார், நீங்க நூலுக்கு ரொக்கம் கொடுக்கறீங்க, நடுவுல சி.சி. (பேங்க் கேஷ் கிரெடிட் கடன்) வட்டி ஓடுது. கணக்குப்படி வட்டி ஆப்பரேட்டிங் செலவுல வராது, அதனால காஸ்டிங் ஷீட்லயும் பாதி பேர் போடறதில்ல, ஆனா அது ஆர்டருக்கு ஆர்டர் மாறற செலவு, 30 நாள் பையரையும் 90 நாள் பையரையும் ஒரே ரேட்ல எடுக்கக்கூடாது. 1961 வருமான வரி சட்டத்துல 43பி(எச்)னு வந்த விதி ஒண்ணு இருக்கே, மைக்ரோ, ஸ்மால் பதிவு உள்ள ஜாப் ஒர்க்காரருக்கு (கூலிக்கு வேலை செஞ்சு கொடுக்கறவருக்கு) ஒப்பந்தம் இருந்தா அதுல பேசின நாளுக்குள்ள, அதுவும் 45 நாளுக்கு மேல போகாம, எழுதி வைக்கலைன்னா 15 நாளுக்குள்ள கொடுக்கணும், இல்லைன்னா நிஜமா கொடுக்கற வருஷத்துலதான் அதை செலவா எடுக்க முடியும். இது எந்தெந்த பில்லுக்கு பொருந்தும்னு உங்க ஆடிட்டர்கிட்டயே கேளுங்க, அது என் வேலை இல்ல.

சரி, தினம் எதைப் பார்க்கறது. சாயந்தரம் ஏழு மணிக்கு உங்க போனுக்கு ஒரு மெசேஜ் வரணும், அதுல இன்னைக்கு வந்த துணி கிலோவும் ஜிஎஸ்எம்மும், வெட்டின பீஸ், லைன் வாரியா தைச்ச பீஸும் வந்த டெய்லரும், ஆல்டரேஷன் எத்தனை, எந்த லைன் எவ்வளவு நேரம் எதனால நின்னுச்சு. இதுக்கு மேல கேட்காதீங்க, கேட்டா பொய் எழுதுவாங்க. வாரம் ஒருதடவை, ஏத்தி முடிச்ச ஆர்டரோட காஸ்டிங் ஷீட்டையும் ஆன செலவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, மெர்ச்சண்டைசர், கட்டிங் மாஸ்டர், ப்ரொடக்ஷன் மேனேஜர் மூணு பேரும் இருக்க அரை மணி நேரம். சத்தம் போட வேண்டாம், முதல்தடவை திட்டினா அடுத்த வாரத்துலருந்து நம்பர் எல்லாம் அழகா வரும், உண்மையா இருக்காது. மாசம் ஒருதடவை மட்டும் ரூபாய், வாடகை, சம்பளம், கரண்ட், வட்டி, போன மாசத்தோட ஒப்பிட்டு. இதை உங்களுக்குப் பதிலா மேனேஜர் பார்த்து சொல்லட்டும்னு விட்டா நாலே வாரத்துல நின்னுடும்.

சாஃப்ட்வேர் கேட்டீங்களே. உங்க கிட்ட டேலி இருக்கும், அதுல காஸ்ட் சென்டர்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு ஆர்டர் நம்பரையும் ஒரு காஸ்ட் சென்டரா போட்டு, நூல் பில்லுலருந்து ஏர் ஃபிரைட் வரைக்கும் அதுமேல எழுதச் சொல்லுங்க. துணிக் கணக்குக்கு ஒரு எக்செல். ஆறு மாசம் இதை ஒழுங்கா எழுதின யூனிட்டுக்கு ஈஆர்பி (கம்பெனி வேலை எல்லாத்தையும் ஒரே இடத்துல கணக்கு வைக்கற சாஃப்ட்வேர்) உதவியா இருக்கும், எழுதாத யூனிட் ஈஆர்பி வாங்கினா பழைய குப்பை புது ஸ்கிரீன்ல வரும். லட்சக்கணக்குல வாங்கி கேட் என்ட்ரிக்கு மட்டும் பயன்படுத்தற இடங்களும் இருக்கு.

இப்போதைக்கு போன வருஷம் முடிஞ்ச ஆர்டர்ல மூணு எடுங்க, ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது, ஒண்ணு நீங்க நல்ல லாபம்னு நினைக்கறது. துணியும் நிமிஷமும் காஸ்டிங்ல போட்டதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. துணியில விலகினா டையிங், கட்டிங் பக்கம் போங்க, நிமிஷத்துல விலகினா பிளானிங் பக்கம். ரெண்டும் ஒத்துப்போயும் காசு மிஞ்சலைன்னா வாங்கின ரேட்டே பத்தலைன்னு அர்த்தம், செலவை எவ்வளவு இறுக்கினாலும் வராது, பையர்கிட்ட பேசணும், இல்ல அந்த பையரை விடணும். நீங்க நேரடி எக்ஸ்போர்ட்டா இல்ல ஜாப் ஒர்க்கான்னு கேள்வியில சொல்லல, நான் நேரடின்னு நினைச்சு எழுதியிருக்கேன். ஜாப் ஒர்க்னா துணி உங்களோடது இல்ல, அப்ப நிமிஷக் கணக்கை மட்டும் எடுங்க, அதோட பார்ட்டி டேமேஜ்னும் ஷார்ட்டேஜ்னும் பில்லுல பிடிச்சதை வருஷம் பூரா கூட்டிப் பாருங்க, வெட்டின பீஸை எண்ணாம உள்ள எடுக்கற யூனிட்டுக்கு அந்தத் தொகை சின்னதா இருக்காது.